சுவர் ஏறிய கை

"…கை விழுந்த மனுசன் வூட்லயா பொண்ணு எடுக்கறீங்கன்னு எங்க ஜனம் கேக்குதுங்க, பாய். அவருக்குச் சட்டை தைக்கறவரு நீங்க. அளவெடுக்கறவருக்குத் தெரியாம இருக்குமா? உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க. நான் இங்க வந்தது எங்க வூட்ல யாருக்கும் தெரியாது."

அந்த அம்மா இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் ஒரே பொத்தானை இரண்டு தடவை தைத்துவிட்டேன். அதுவரைக்கும் துணி விலை, பஸ்ஸில் நெரிசல், மாசி பிறந்ததும் பிறக்காததுமாக அடிக்கிற வெயில் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்திருந்தார்.

அறுபதுகளின் கடைசி அது. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் என் தையல் கடை. ஒரு மிஷின், ஒரு வெட்டுமேஜை, ஒரு ஆளுயரக் கண்ணாடி, வருகிறவர் உட்கார ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில்தான் மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த அந்த அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மகனுக்கும் இண்டூர்க்காரர் ஒருவரின் மூத்த பெண்ணுக்கும் தையில் நிச்சயம் முடிந்திருந்தது. வைகாசியில் கல்யாணம்.

நிச்சயத்தன்று ஒரு சின்னக் காரியம் நடந்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் பெண்ணின் அப்பா மாலை போடவேண்டிய நேரத்தில் இண்டூர்க்காரர் ஒதுங்கி நின்று, "நீ போடு தம்பி" என்று தன் தம்பியை முன்னே தள்ளிவிட்டார். போதாதா? "பெத்தவன் நிக்கறப்ப மாலைய ஏன் தம்பி போட்டாரு?" என்ற கேள்வி பஸ்ஸுக்கு முன்னால் மொரப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே யாரோ அவர் வலது கை இடுப்புக்கு மேலே ஏறவே இல்லை என்றார்கள். இன்னொருவர் 'கை விழுந்துடுச்சு' என்றார். எங்கள் பக்கம் கை விழுந்தது என்றால் பக்கவாதம். வாதம் என்றால் அடுத்த வார்த்தை, 'அது ரத்தத்துல வர்றதாச்சே, நாளைக்குப் பொண்ணுக்கும் வந்தா?'

எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததுதான் சிக்கல். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று இண்டூர்க்காரர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தேன். என்னிடம் ஒரு சேதியைச் சொல்வது தையல் விட்ட பையில் சில்லறை போடுவது மாதிரி என்பாள் என் வீட்டுக்காரி. அப்பேர்ப்பட்ட நான் எட்டு மாதமாக இந்த ஒன்றை மட்டும் காத்து வைத்திருந்தேன்.

கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று எதிர்க்கடையில் டீ சொன்னேன். அந்த அம்மா வலது கையால் கிளாஸை வாங்கினார். இடது கை பையின் மேல் அப்படியே கிடந்தது. பார்த்தேன். பார்த்ததோடு சரி.

இண்டூர்க்காரர் முதலில் வந்தது போன ஆனியில். எனக்குப் பத்து வருஷ வாடிக்கை. வந்தவர் துணியை மேஜைமேல் போட்டுவிட்டு, "பாய், தலை வழியா மாட்டற சட்ட இனிமே வேணாங்க. முன்னால முச்சூடும் தொறந்தாப்புல தைச்சிடுங்க" என்றார்.

அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் போட்டதெல்லாம் தலை வழியாக மாட்டும் சட்டைதான். கழுத்திலிருந்து நெஞ்சுவரை மூன்று பொத்தான், அதோடு சரி. முன்பக்கம் முழுக்கத் திறந்த ஸ்லாக் சட்டை காலேஜ் பிள்ளைகள் போடுவது. ஐம்பதை நெருங்குகிற மனிதர், கல்யாண வயதில் மகள் இருக்கிறவர், அதைக் கேட்டதும் என் வாய் சும்மா இருக்குமா?

"என்னாண்ணா, வயசு திரும்புதா?"

"திரும்பட்டுமே. தைங்க."

"கையத் தூக்குங்க, மார்பளவு எடுத்துக்கறேன்."

"டேப்ப அப்படியே சுத்துங்க பாய், என்னாத்துக்குக் கையத் தூக்கிக்கினு."

கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். தைத்துக் கொடுத்தேன். அந்தச் சட்டையோடு இண்டூர் டீக்கடையில் அவர் போய் நின்றதும் ஊரே பிடித்துக்கொண்டதாம். "யோவ், பொண்ணுக்கு மாப்ள பாக்கப் போனியா, இல்ல நீயே மாப்ளயா போறியா?" என்று ஒருவர். மச்சான்காரர், "மாமா, அடுத்தது கூலிங் கிளாஸா?" என்றாராம். இதையெல்லாம் அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். இன்னொன்றும் சொன்னார். அதன் பொருள் எனக்கு அன்று புரியவில்லை. "சிரிக்கட்டும் பாய். சிரிக்கறவன் என் கையப் பாக்கமாட்டான்."

அடுத்த சந்தை நாளில் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கக்கத்தில் பிடிக்கிறதாம். கை நுழையும் வளையத்தைப் பிரித்து, ஒரு விரல் அகலம் விட்டுத் தைத்தேன். மறுவாரமும் வந்தார், இன்னமும் பிடிக்கிறதாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து வருஷமாக எடுத்த அளவு திடீரென்று எப்படித் தப்பும்? "நில்லுங்கண்ணா" என்று சட்டையை மாட்டி, அவர் வலது முழங்கையைப் பிடித்து நானே மேலே தூக்கினேன்.

தூக்கினேன் என்று சொல்லக்கூடாது. தோள் மட்டத்துக்குக்கூடப் போகவில்லை. கையோடு சேர்ந்து முதுகுப்பட்டை எலும்பும் மேலே கிளம்பியது, இரண்டு துண்டை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்ட மாதிரி. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டையில் ஒரு தப்பும் இல்லை. உள்ளேதான் பிடித்திருந்தது.

கடைக் கதவைப் பாதி சாத்தினேன். அப்போதுதான் கொட்டினார். மாசியில் ஒரு நாள் காலையில் தோள் வலித்ததாம். அடியும் இல்லை, விழவும் இல்லை. ஒருக்களித்துப் படுத்ததில் பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டார். வலி ஏறியது, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. சுளுக்கு என்று யாரோ சொல்ல, கையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டி, மருந்துக்கு வைக்கிற கணக்கையே கட்டுக்கும் வைத்து, ஒரு மண்டலம் அசையாமல் இருந்துவிட்டார். நாற்பத்தெட்டு நாள்! வீட்டில் மாடு முட்டியது என்று ஒரு கதை. கட்டை அவிழ்த்தபோது கை முன்னைவிட இறுகிப்போயிருந்தது.

"இது வாதந்தான் பாய். எனக்குத் தெரிஞ்சிபோச்சு. நான் போனா போறேன். ஆனா இது வெளிய தெரிஞ்சா என் பொண்ண எவன் எடுப்பான்? நல்ல எடம் ஒண்ணு மொரப்பூர்ல பேசிக்கினு இருக்குது. தாலி ஏர்ற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக்கூடாது."

சத்தியம் அப்போது செய்ததுதான்.

ஆனால் எனக்குச் சந்தேகம். என்னைப் பெற்ற அத்தாவுக்கு வாதம் வந்து மூன்று வருஷம் கட்டிலில் கிடந்தார். அவர் கை நனைந்த துணி மாதிரி இருக்கும். நாம் தூக்கினால் தூக்கின இடத்துக்கு வரும், விட்டால் விழும். இவர் கையோ நான் தூக்கினாலும் வரமாட்டேன் என்கிறது. "என் கைய அழுத்துங்க" என்றேன். அழுத்தினார் பாருங்கள், அன்று மாலைவரை எனக்கு ஊசி பிடிக்க முடியவில்லை. "அண்ணா, செத்த கை இப்படியா அழுத்தும்?" என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் கடையைச் சாத்திவிட்டு அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் தெரிந்த முகம் வருகிறதா என்று முண்டாசை இறக்கி இறக்கி விட்டுக்கொண்டார்.

டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும் என்று சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். நீல மருந்தோடு குழாயில் ஊற்றிச் சூடு காட்டியதும் நிறம் மாறாமல் நீலமாகவே நின்றது. "சர்க்கரை இல்ல, நல்லது" என்றார்.

"வாதங்களா?" என்று கேட்டார் இண்டூர்க்காரர்.

"வாதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தோள் மூட்டைச் சுத்தி மெல்லிசா ஒரு பை இருக்கு. அது புண்ணாகி, தடிச்சி, சுருங்கிப்போச்சு. நரம்பு நல்லா இருக்கு, சதை நல்லா இருக்கு. அந்தப் பைதான் இறுக்கிப் புடிக்குது. இங்கிலீஷ்ல ஃப்ரோசன் ஷோல்டர்னு சொல்லுவோம். தோள் உறைஞ்சிபோச்சுன்னு அர்த்தம்."

நான் நடுவில் புகுந்தேன். "புதுக் காடாத் துணி துவைச்சா சுருங்கிக்குமே, அப்படிங்களா?"

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டெய்லரா? சரி, சுருங்கின துணிய டர்ருனு இழுத்தா?"

"கிழியுங்க."

"சூடு காட்டி, கொஞ்சங்கொஞ்சமா இழுத்தா?"

"வழிக்கு வருங்க."

"அவ்வளவுதான். இவரு தோளுக்கும் அதான் வைத்தியம். கட்டி வெச்சதுதான் தப்பு. அசைக்கணும். ஆனா முரட்டுத்தனமா கூடாது."

வலி தாங்காத நாளுக்குச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை. கடுமையான வலி இருக்கிற மாதங்களில் மெதுவாக மட்டும் அசைக்கவேண்டும். அப்புறம் வலி குறைந்து, பிடிப்பு மட்டும் நிற்கும். அதற்கப்புறம் தானாக அவிழ ஆரம்பிக்கும். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகலாம் என்றார். இண்டூர்க்காரர் முகம் விழுந்தது. வருகிற வைகாசிக்குள் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட நினைத்திருந்தார், அதற்கு ஒரு வருஷம்கூட இல்லை.

டாக்டர் எழுந்து சுவருக்கு எதிரே நின்று செய்து காட்டினார். சுவரில் விரலை வைத்து, பல்லி ஏறுவது மாதிரி ஒவ்வொரு விரலாக மேலே நகர்த்துவது. முடிகிற இடத்தில் நிறுத்தி, கொஞ்ச நேரம் இருந்து, அதே மாதிரி இறங்குவது. குனிந்து நல்ல கையை மேஜையில் ஊன்றி, வலிக்கிற கையைக் கிணற்றுக் கயிறு மாதிரித் தொங்கவிட்டு ஆட்டுவது. தினம் இரண்டு வேளை.

"வூட்ல எப்படிங்க செய்யறது? பத்துப் பேரு இருக்கற வூடு. செவுத்தப் புடிச்சிக்கினு நின்னா, புத்தி பேதலிச்சிபோச்சுன்னு அதுக்கும் ஒரு பேரு வெச்சிடுவாங்க" என்றார் வெளியே வந்ததும்.

இரண்டு பேரும் யோசித்து வழி கண்டுபிடித்தோம். தினப்படி வேலை அவருடைய பம்புசெட்டுக் கொட்டகைச் சுவரில். சந்தை நாளில் என் கடைச் சுவரில் அளவு. கண்ணாடிக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர் இருந்தது. அவர் விரல் எட்டின இடத்தில், துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியால் நான் ஒரு கோடு போட்டேன். முதல் கோடு என் நெஞ்சு உயரம்கூட இல்லை.

வந்ததும் சட்டை மாட்டிப் பார்க்கிற சாக்கில் உள்ளே நிற்பார். இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கும். மடித்த துணியைத் தேய்த்து, சூடு பதமாக இருக்கிறதா என்று என் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அவர் தோளில் போடுவேன். "ஆ… இந்தச் சூட்டுக்கே பாய், மாசம் ஒரு சட்ட தைச்சிக்கலாம்" என்பார். அப்புறம் என் பெரிய கத்திரிக்கோலைக் கையில் பிடித்துத் தொங்கவிட்டு ஆட்டுவார். அப்புறம் சுவர்.

இரண்டு மாதம் கோடு நகரவே இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு விழுந்து அந்த இடமே நீலத் திட்டாகிவிட்டது. "ஏம்பாய், நான் ஏர்றனா, செவுரு எறங்குதா?" என்று ஒரு நாள் கேட்டார். அன்று நான் ஒரு புத்தி கெட்ட வேலை செய்தேன். கொஞ்சம் உதவி செய்தால் என்ன என்று, அவர் விரல் நின்ற இடத்திலிருந்து முழங்கையைப் பிடித்து மேலே ஓர் உந்து உந்திவிட்டேன். அவர் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையிலிருந்து ஆள் ஓடிவந்தது. "ஊசி குத்திட்டேங்க" என்று சமாளித்தேன். அடுத்த வாரம் கோடு நான்கு விரல் கீழே இறங்கியிருந்தது. கிழியும் என்று டாக்டரிடம் வாய்கிழியச் சொன்னவனே இழுத்துத் தொலைத்தேன். அவரோ, "உங்களுக்கும் என் பொண்ணு கல்யாணம் அவசரமாட்டம் இருக்குது" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் நான் கோடு போடுவதோடு சரி.

ஐப்பசி வாக்கில் ராத்திரி வலி குறைந்தது என்றார். கார்த்திகையில் முதல் தடவை ஒரு விரல் அகலம் ஏறியது. நானும் அவரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு டீ குடித்தோம். மார்கழியில் இன்னும் ஒரு சாண். தையில் நிச்சயம் வந்தபோது கை தோள் மட்டத்தில் நின்றது. பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளையோ நல்ல உயரம். அவன் தலைக்கு மேலே மாலை தூக்குவதற்கு இன்னும் முக்கால் முழம் பாக்கி இருந்தது. அதனால்தான் தம்பியை முன்னே தள்ளினார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. மொரப்பூர் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்தால், பேசாததே பதிலாக ஊருக்குப் போகும். சொன்னால் சத்தியம் போகும். அவர் சத்தியம் வாங்கினதே மகளுக்காகத்தான், அந்த மகளின் கல்யாணம் இப்போது என் வாயில் நிற்கிறது. சொல்லிவிட்டேன். காடாத் துணி, டாக்டர், மண்டலக் கட்டு, நான் உந்தின உந்து, ஒன்றையும் விடவில்லை. எழுந்து போய்ச் சுவரைக் காட்டினேன். நெஞ்சுக்கும் கீழே தொடங்கி, நீலத் திட்டு தாண்டி, ஏணிப்படி மாதிரி ஏறி, போன சந்தை நாளில் போட்ட கடைசிக் கோடு என் நெற்றி உயரத்தில் நின்றது.

"போன வாரம் வலது கையால தலைக்குத் தண்ணி ஊத்திக்கினேன்னாரும்மா. ஒரு வருசத்துக்கப்புறம். வாதம் வந்த கை இப்படி ஏறாதுங்க."

அந்த அம்மா கோடுகளைக் கீழேயிருந்து மேலேவரை பார்த்தார். உடனே நம்பிவிடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அந்தப் பக்கம் ஒருக்களிச்சிப் படுத்தா உசுரு போற வலி வருமாங்களா?"

"வந்துதுன்னுதான் சொன்னாருங்க."

"பின்னால கைய கொண்டுபோனா? இப்ப… ஜாக்கெட் போடற மாதிரி, முந்தானைய இழுத்துச் சொருகற மாதிரி?"

"அதுதாங்க மொதல்ல நின்னுபோகுமாம்."

"தல பின்னிக்க?"

"அவரு எங்கம்மா பின்றாரு" என்று சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. நாற்பது வருஷம் மனிதர்களின் தோளை அளந்தவன் நான். பின்னால் எத்தனையோ பேர் இதே ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். "கையி என் பேச்ச கேக்கறதில்ல" என்பார் ஒருவர், "தோள்ல பூட்டப் போட்டுட்டு யாரோ சாவிய எடுத்துனு போயிட்டாங்க" என்பார் இன்னொருவர். கேட்டதும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சுவரைக் காட்டியிருக்கிறேன். ஆனால் அன்று, அத்தனை கேள்வியும் ஒரு இண்டூர் விவசாயியைப் பற்றியது இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

"தானா அவுந்துடும்னு டாக்டரு சொன்னாருங்களா?"

"நாளாகும், ஆனா அவுந்துடும்னாருங்க. அசைச்சிக்கினே இருக்கணும். சர்க்கரை இருக்குதான்னு ஒருவாட்டி பாத்துக்கணும்."

"சூட்டுத் துணி போட்டா எதமா இருக்குமா?"

"அவரு அதுக்கே தனியா வருவாருங்க."

அந்த அம்மா ஆறின டீயைக் குடித்துவிட்டுக் கிளாஸை மேஜைமேல் வைத்தார்.

"வைகாசியில மாலைய அவரே போடட்டும், பாய். எட்டலைன்னா எம்பையன் குனிவான், அவனுக்கு நான் சொல்றேன். எங்க ஜனத்துக்கும் நானே சொல்லிக்கறேன், வாதமும் இல்ல ஒரு மண்ணும் இல்லன்னு. நீங்க என்கிட்ட சொன்னது அவருக்குத் தெரியவேணாம்."

"இன்னொரு சத்தியமாம்மா?" என்றேன்.

அந்த அம்மா எழுந்தார். வலது கையால் பையை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தார். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பி, தெருவில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். சுவருக்கு எதிரே போய் நின்று, வலது கையால் இடது முழங்கையைத் தாங்கிப் பிடித்துத் தூக்கி, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த நீலக் கோட்டில் இடது கை விரல்களை வைத்தார்.